முறையாக இசை படிக்காத ஆசிரியர் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்க எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வி: 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள், ஒரு வகுப்பில் முப்பதுக்கு மேல், ஆசிரியருக்கு ஓரளவு பாட வரும், ஆனால் முறையாகப் படித்ததில்லை. இந்த நிலையில் வாத்தியமும் வேண்டாம், ஸ்வரம் எழுதிப் போடவும் வேண்டாம். முதல் வேலை, சுருதியைப் பிள்ளைகளுக்கு ஏற்ற இடத்தில் வைப்பது. வகுப்பே கத்துகிறது, ஒருவரும் சேர்ந்து பாடுவதில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பெரியவர்கள் தங்கள் தொண்டைக்கு வசதியான சுருதியில் தொடங்கிவிடுவார்கள். அது பிள்ளைகளுக்கு மிகவும் தாழ்வு. அவ்வளவு கீழே அவர்களிடம் இருப்பது பேச்சுக்குரல் மட்டுமே. "இன்னும் சத்தமாக" என்று சொன்னால் அது கத்தலாக மாறும். ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் 2 கட்டையை (மேற்கத்திய முறையில் டி) ஸட்ஜமாக, அதாவது ச ஆக, வைத்துக்கொள்ளுங்கள். 6, 7 வயதுக்கு ச முதல் த வரை வசதியாக எட்டும். பாட்டு ஸட்ஜத்துக்குக் கீழே இறங்கினால் 4 கட்டைக்கு (எஃப்) ஏற்றுங்கள். 9, 10 வயதுப் பிள்ளைகள் 2 கட்டையில் மேல் ஸட்ஜத்தையும் தொடுவார்கள்.

ஆண் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் பாடுவது பிள்ளைகளின் குரலுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சில பிள்ளைகள் அதை அப்படியே பிடிக்கப் பார்த்து உறுமுவார்கள். தொடக்க ஸ்வரத்தைக் கீபோர்டில் கொடுங்கள், அல்லது சுருதி நிற்கும் பிள்ளை ஒருவரை முதலில் பாடச் சொல்லுங்கள்.

எந்தப் பாட்டு? பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு (க-வின் உயர்ந்த வகை) இறங்கும் ப–க என்ற அசைவு சிறு பிள்ளைகளுக்கு மிக எளிது. விளையாட்டில் ஒருவரை ஒருவர் கூவி அழைக்கும்போது தானாகவே வருவது. ஹங்கேரியின் சோல்தான் கோடாய் (1882–1967) வகுத்த வழியில் வரும் பாடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு ஸ்வரங்களில் தொடங்கி, த, பிறகு ச, ரி என்று சேர்த்துக்கொண்டே போகும். ஐந்தும் சேர்ந்தால் மோகன ராகம். அதில் அடுத்தடுத்து ஒட்டி நிற்கும் அரை ஸ்வரங்களே இல்லை, அதனால் வழுக்க இடம் குறைவு. ச–ரி, க–ம என்று நெருக்கமான இடங்கள் நிறைந்த மாயாமாளவகௌளை, கர்நாடக இசையில் வழக்கமாக முதலில் சொல்லிக்கொடுப்பது; குருவின் எதிரில் சில பேர் உட்கார்ந்து கற்க நல்ல ராகம். முப்பது பேர் கொண்ட வகுப்பில் அதைத் தொடக்கமாக வைப்பது சரியல்ல என்பது என் கருத்து.

பாட்டு சொல்லிக்கொடுக்கும் வரிசை முக்கியம். முதலில் முழுப் பாட்டையும் நீங்கள் மூன்று முறை பாடுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்க ஒரு வேலை கொடுங்கள்: எந்தச் சொல் திரும்ப வருகிறது, எந்த வரி உயரே போகிறது, கடைசி ஸ்வரம் மேலா கீழா. பிறகு ஒரு வரி நீங்கள், அதே வரி அவர்கள். இரண்டிரண்டு வரிகளாகச் சேர்த்து, கடைசியில் முழுப் பாட்டு. நான்கு வரிப் பாட்டுக்குப் பத்து நிமிடம் போதும், மிச்சம் அடுத்த வகுப்பில். உயர்வு தாழ்வைக் கையின் உயரத்தால் காட்டுங்கள்: ச இடுப்பளவில், ப மார்பளவில், த கண்ணளவில்.

அவர்கள் பாடும்போது நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதைத்தான் பலரும் செய்வதில்லை. கூடவே பாடினால் உங்கள் குரல்தான் உங்களுக்குக் கேட்கும், தப்பு எந்த வரியில் என்று தெரியாது. பிள்ளைகளும் உங்கள் மேல் சாய்ந்துகொள்வார்கள். உரக்க வாசிக்கும் ஆர்மோனியமும் அதே கெடுதலைச் செய்யும். தொடங்கும்போது வெறுமனே "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்வதும் போதாது. தொடக்க ஸ்வரத்திலேயே, பாட்டின் வேகத்திலேயே "சேர்ந்து பாடலாம்" என்று பாடிக் காட்டினால் சுருதியும் காலமும் ஒன்றாகக் கிடைத்துவிடும்.

ஒரே ஸ்வரத்தில் நின்று பாடும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்குக் காது இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலானவர்கள் பேச்சுக்குரலிலிருந்து பாட்டுக்குரலுக்கு மாறும் வழியை இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். "ஊ" என்று கீழிருந்து மேலே இழுத்து, திரும்ப இறங்கச் சொல்லுங்கள். விரலால் காற்றில் வளைவு போட்டபடி செய்தால் இன்னும் எளிது. அந்தப் பிள்ளை எந்த ஸ்வரத்தில் நிற்கிறதோ முதலில் அங்கே நீங்கள் போய்ச் சேருங்கள், பிறகு ஒவ்வொரு படியாக மேலே கூட்டி வாருங்கள். சேர்ந்து ஒலிப்பது எப்படி இருக்கும் என்பதை அந்தப் பிள்ளை அப்போதுதான் முதன்முதலாக உணரும். வருகைப் பதிவை ப–க அசைவில் பெயர் பாடி, பதிலையும் பாடச் சொன்னால், யாரும் கூசாமல் எல்லோரும் தினமும் தனியாகப் பாடிவிடுவார்கள். சுருதி நிற்கும் பிள்ளையின் பக்கத்தில் இவர்களை உட்கார வையுங்கள். பின்வரிசைக்குத் தள்ளுவதும், "நீ வாயை மட்டும் அசை" என்பதும் ஆண்டுக்கணக்கில் ஆறாத காயம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

தாளத்துக்கு வருவோம். சிறு பிள்ளைகளின் இயல்பான நடை பெரியவர்களுடையதைவிட வேகமானது. நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் நடுவில் காத்திருக்க அவர்களால் முடியாது. 100 முதல் 120 வரை வைத்துத் தொடங்குங்கள். உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் சத்தம் கூடும், சத்தம் கூடினால் காலம் ஓடும், பாட்டும் அமுங்கும். இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டுவது, முழங்காலில் தட்டுவது, நடப்பது போதும். சீரான தட்டும், சொற்களின் நடையும் வேறு வேறு என்பது புரிய, பாதி வகுப்பு தட்டை நடக்கட்டும், மீதிப் பாதி சொற்களைத் தட்டட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும்.

வாத்தியம் கையில் கொடுத்த மறுகணம் பேச்சு எடுபடாது. சொல்ல வேண்டியதை முதலில் சொல்லி, முழங்காலில் அதே தாளத்தைப் பழக்கி, அதன் பிறகு கொடுங்கள். மூன்று பேருக்கு ஒன்று போதும், மற்ற இருவரும் முழங்காலிலேயே வாசிக்கலாம். கட்டைகள் கழற்றக்கூடிய சைலோபோன் இருந்தால் மோகனத்துக்குரியவற்றை மட்டும் விட்டுவைத்தால், எதைத் தட்டினாலும் கரகரப்பாக மோதாது.

ரெக்கார்டர் என்ற ஊதுகுழல் 8 வயதுக்கு முன் வேண்டாம். விரல் நுனி துளையை முழுசாக மூடாது. இடக்கை மேலே. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூடினால் மேற்கத்திய ஸ்வரப் பெயரில் பி, நடுவிரல் சேர்ந்தால் ஏ, மோதிர விரலும் சேர்ந்தால் ஜி. இந்த மூன்றிலேயே சில வாரம் இருக்கலாம். கீச்சிட்டால் ஒன்று ஊதல் பலமாக இருக்கும், அல்லது ஏதோ ஒரு விரல் துளையை விட்டு விலகியிருக்கும். மெல்ல "து" என்று தொடங்கச் சொல்லுங்கள். விரல் நுனியைப் பாருங்கள்: துளையின் முழு வட்டமும் பதிந்திருந்தால் மூடியது சரி, பாதி வட்டம் தெரிந்தால் அந்த விரல்தான் காரணம்.