ஓன் போர்டு காரை வாடகைக்கு விடலாமா?

கேள்வி: எங்களுடையது ஓன் போர்டு கார், அதாவது சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டி. வாரத்தில் நாலு நாள் வாசலில் சும்மாதான் நிற்கிறது. என் கணவரின் சிநேகிதர் டிராவல்ஸ் நடத்துகிறார். முகூர்த்த நாட்களில் வண்டி பற்றாமல் போனால் எங்கள் காரைக் கேட்கிறார். டிரைவர், டீசல் அவர் பொறுப்பு, எங்களுக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேச்சு. "ஃபுல் இன்ஷூரன்ஸ்தானே இருக்கு, என்ன பயம்?" என்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை தரும் வாகன சர்வேயராக 28 வருஷம் இருந்தவன் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பாலிசியை எடுத்து, 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' (உபயோக வரம்பு) என்று ஆரம்பிக்கும் பத்தியைத் தேடுங்கள். பொடி எழுத்தில் நாலைந்து வரிதான் இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது, சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர்த்த சரக்கு ஏற்றுவது, பந்தயம், வேகச் சோதனை, வண்டி வியாபாரம் சார்ந்த ஓட்டம் ஆகியவற்றுக்குப் பாலிசி கிடையாது. மற்றபடி ஆபீஸ், ஆஸ்பத்திரி, வெளியூர் என்று எங்கே போனாலும் உண்டு. தொழில் விஷயமாக நாலு பேரைப் பார்க்கப் போவதற்கும் தடையில்லை. 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்பது நாம் வாய்க்கு வந்தபடி வைத்த பெயர். உங்கள் வண்டியின் சேதம், அடுத்தவருக்கு நேரும் பாதிப்பு இரண்டும் ஒரே பாலிசியில் இருக்கின்றன, அவ்வளவுதான் அதன் அர்த்தம். எந்த ஓட்டத்துக்கும் செல்லும் என்பதல்ல.

ஒரு வண்டி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஒர்க்‌ஷாப்பில் முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது, ஏர்பேக் துணி மாதிரி தொங்கியது. கிளெய்ம் ஃபாரத்தில் 'சொந்த உபயோகம்' என்று எழுதியிருந்தார்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன நோட்டு. பென்சிலால் கோடு போட்டு கி.மீ., வெயிட்டிங், பேட்டா என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. கடைசி வரி விபத்து நடந்த தேதி. உரிமையாளர் நல்ல மனிதர், தெரிந்தவர் கேட்டாரே என்று கொடுத்தவர். நான் பார்த்ததை அறிக்கையில் எழுதாமல் இருக்க முடியாது, எழுதினேன். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது.

அதற்காக எல்லாமே போய்விடும் என்று நினைக்க வேண்டாம். இப்படி வாடகைக்கு விட்ட தனியார் வண்டி வழக்கு ஒன்றில், கிளெய்மை ஒரேயடியாக மறுக்கக் கூடாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உபயோக வரம்பை மீறியிருந்தாலும் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற வழிகாட்டுதலையும் அதில் எடுத்துக்காட்டியது. ஆனால் அந்தப் பணத்துக்காக நீங்கள் வருஷக்கணக்கில் கன்ஸ்யூமர் கோர்ட் படியேற வேண்டியிருக்கும்.

எனக்குப் பெரிய பயம் உங்கள் வண்டியின் பம்பரைப் பற்றி அல்ல, ரோட்டில் போகிறவரைப் பற்றி. உங்கள் கார் மோதி ஒருவர் இறந்தாலோ கை கால் இழந்தாலோ நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. பெர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டியது, பணம் தர மறுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் தரப்பு வாதமாக வைக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிற காரணங்களில் ஒன்று. பல வழக்குகளில் தீர்ப்பாயம், 'பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்று உத்தரவிடுகிறது. அந்த உரிமையாளர் ஆர்.சி.யில் பெயர் உள்ள நீங்கள்தான். டிராவல்ஸ்காரர் பெயர் அதில் எங்கும் இல்லை.

தம்பிக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ காசு வாங்காமல் கொடுத்தால் கவலையில்லை, ஓட்டுகிறவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் போதும். சொந்தக்காரர்கள் சேர்ந்து போய் டீசல் செலவைப் பகிர்ந்துகொண்டதை நான் ஒருபோதும் வாடகை என்று எழுதியதில்லை. கிலோமீட்டருக்கு ரேட் பேசினால் அது வாடகைதான். சம்பாதிக்கத்தான் வேண்டும் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் டாக்ஸியாக மாற்றி, பெர்மிட் வாங்கி, பாலிசியையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள். பிரீமியம் கூடும், கூடட்டும்.

கேள்வி: வீட்டிலிருந்தே புடவை வியாபாரம் செய்கிறேன். கண்காட்சிகளுக்குக் காரில்தான் பண்டல்களை ஏற்றிப் போகிறேன். இதுவும் தவறா?

பதில்: காட்டுவதற்கு நாலைந்து புடவை கொண்டுபோனால் அது சாம்பிள், பாலிசியே அனுமதிக்கிறது. பின் சீட்டை மடக்கிப் பண்டல் அடுக்கினால் சரக்கு. விபத்து நடந்தால் அந்தக் கேள்வி கட்டாயம் வரும். அதோடு, கார் தீப்பிடித்தாலும் திருடு போனாலும் உள்ளே இருந்த புடவைகளுக்கு கார் பாலிசியில் ஒரு ரூபாய் கிடைக்காது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். பண்டல்களைச் சரக்கு ஆட்டோவில் அனுப்பிவிட்டு, நீங்கள் காரில் போங்கள்.

கேள்வி: மகனுக்கு 18 முடிந்து எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வாங்கியிருக்கிறான். என் காரில் பழகலாமா?

பதில்: தாராளமாக. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டுவதைப் பாலிசி ஏற்கிறது. ஆனால் லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், வண்டியில் 'எல்' போர்டு இருக்க வேண்டும். தனியாக ஒரு ரவுண்டு என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொன்று, பாலிசியோடு எடுக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஆர்.சி.யில் பெயர் உள்ள உங்களுக்கு மட்டும்தான், மகனுக்குக் கிடையாது. அடுத்த ரினியூவலின்போது, வண்டியில் உட்காருகிறவர்களுக்கும் ஓட்டுகிறவருக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்க்க எவ்வளவு ஆகும் என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். சேர்க்கச் சொல்லி, பாலிசி கைக்கு வந்ததும் அந்த வரி ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.