டிவி நடுவில் வெள்ளைக் கோடு மட்டும்: பிக்சர் டியூப் போகல

பழைய டியூப் டிவியில படம் போய் நடுவுல வெள்ளைக் கோடு மட்டும் வருது, பிக்சர் டியூப் போயிடுச்சான்னு கேட்டிருக்கீங்க. பிக்சர் டியூப் போகல, பழைய சாமான்காரருக்குப் போட்டுடாதீங்க. சத்தம் நல்லா வருது, 21 இஞ்ச் திரை நடுவுல படுக்கையா ஒரே வெள்ளைக் கோடுன்னா, கோளாறு வெர்ட்டிகல் பகுதியில, அதாவது படத்தை மேலும் கீழும் விரிக்கிற சர்க்யூட்டுல. கோடு விழுதுன்னாலே டியூபும் ஹை வோல்ட்டேஜும் உயிரோட இருக்கு.

உடனே பிரைட்னஸை நல்லாக் குறைங்க. ஒரே இடத்துல அந்தக் கோடு நின்னு எரிஞ்சா திரையில நிரந்தரமா தழும்பு விழும், அதுக்கு வைத்தியம் இல்ல.

காசிமேட்டுல கடலோரம் வீடுன்னு சொல்றீங்க. உப்புக் காத்துல, சர்க்யூட் போர்டுல பத்தவெச்ச ஈயமும் கனெக்டர் பின்னும் சீக்கிரம் அரிக்கும். வெர்ட்டிகல் ஐசி (அந்தப் பகுதியை ஓட்டுற சிப்) வேற சூடாகிச் சூடாகி ஆறுறதால, அதோட காலைச் சுத்தி ஈயத்துல முடி மாதிரி வட்டமா விரிசல் விடும். இதைத்தான் டிரை சோல்டர்னு சொல்வாங்க. என் சந்தேகம் அதுமேலதான்.

டிவி ஓடும்போது பெட்டியோட பக்கவாட்டுல கையால லேசா தட்டுங்க. படம் ஒரு நொடி விரிஞ்சு திரும்பச் சுருங்கினா அதேதான், மறுபடி ஈயம் வெச்சா சரியாயிடும். அசையவே இல்லைன்னா ஐசி போயிருக்கலாம், இல்ல அதுக்கு சப்ளை போற ரெசிஸ்டர் உள்ளே அறுந்து கரண்ட் போகாம இருக்கலாம். ஐசி நம்பர் அதுமேலேயே இருக்கும், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுல அதே நம்பரைக் கேட்டு வாங்கணும். பக்கத்துல இருக்கிற எலக்ட்ரோலிடிக் கண்டென்சரையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க. அது காஞ்சிருந்தா படம் வந்தாலும் மேல்பக்கம் மடிஞ்சு தெரியும்.

பின்மூடியை மட்டும் நீங்க கழட்டாதீங்க. டியூப்ல 20,000 வோல்ட்டுக்கு மேல ஓடும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் சார்ஜ் நிக்கும். வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய டிவி பார்க்கிற மெக்கானிக் யாரையாவது விசாரிச்சு, அவர் கையில விடுங்க.