ஏழு வயசு பையன் இன்னும் படுக்கையிலயே ஒண்ணுக்கு போறான், என்ன பண்றது?

அடிச்சும் பாத்தாச்சுன்னு கேள்வியில எழுதியிருக்கீங்க. மொதல்ல அத நிறுத்துங்க சாமி. எம்பையனும் எட்டு வயசு வரைக்கும் இப்படித்தானுங்க, நானும் ரெண்டு அடி வெச்சிருக்கேன், தூக்கத்துல போறவனுக்கு அடி எதுக்குன்னே புரியாது.

எங்களுக்கு கோபி பக்கம். மாரியாத்தா நோம்பிக்கு எங்கம்மா ஊட்டுக்கு போனப்ப பொடுசுக எல்லாம் ஒட்டுக்கா ஒரே பவானி ஜமுக்காளத்துல படுத்திருந்துச்சுங்க, விடிஞ்சு பாத்தா பாதி ஈரம். (நனைஞ்ச ஜமுக்காளத்த தூக்கிப் பாத்தவங்களுக்குத்தான் அந்த வெயிட்டு தெரியும்.) நெருப்புல வெளையாண்டிருப்பான்னு ஒருத்தரு, சூடு வெச்சா நிக்கும்னு இன்னொருத்தரு. பையன் அன்னைக்கு பொழுது மூச்சூடும் உள்ரூமை உட்டு வெளியவே வரல.

பொறவுதான் ஈரோட்டுல குழந்தை டாக்டர்கிட்ட போனோம். அவரு எடுத்ததுமே "ரெண்டுக்கு டெய்லி போறானா"ன்னுதான் கேட்டாரு. பெத்தவ எனக்கே தெரியல பாத்துக்கங்க. விசாரிச்சா மூணு நாளைக்கு ஒருக்கா, அதும் முக்கி முக்கி. ஸ்கூல் பாத்ரூம் நாறுதுன்னு பகல்ல தண்ணியே குடிக்காம எல்லாத்தையும் அடக்கிட்டு, பொழுதோட ஊட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பா குடிச்சிருக்கான். குடல்ல இறுகிக் கெடக்கறது மூத்திரப்பைய அமுக்கும், அப்பறம் பை நெறையற வரைக்கும் எங்க தாங்கும்?

இன்னொண்ணும் கேட்டாரு, சின்ன வயசுல உங்க ரெண்டு பேருல யாருக்காவது இருந்துச்சான்னு. எங்கூட்டுக்காரரு கம்முனு இருந்தாரு. ஊட்டுக்கு வந்து மாமியாகிட்ட கேட்டா, "இவனே அஞ்சாப்பு வரைக்கும் அப்படித்தானே"ங்கறாங்க! இத்தன வருசம் ஒரு வார்த்த சொல்லல. அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர வாய்ப்பு 40 சதவீதத்துக்கு மேலயாம். அவரே பையன்கிட்ட சொன்னதுக்கு அப்பறம்தான் அவன் காலைல ஈர டவுசர ஒளிச்சு வைக்காம எடுத்துட்டு வந்தான்.

மத்தபடி நாங்க பண்ணுனது பெருசா ஒண்ணுமில்லீங்க. மலச்சிக்கலுக்கு டாக்டர் சிரப் குடுத்தாரு, கூட கீரை, பப்பாளி, சாப்ட்டு முடிச்சதும் பத்து நிமிசம் டாய்லெட்ல உக்கார வெச்சோம். தண்ணி காலைலயும் மத்தியானமும் நல்லா, ஏழு மணிக்கு மேல தாகத்துக்கு மட்டும், பொழுதோட டீ காப்பி கட். ரெண்டு மாசத்துல, வாரத்துல ஏழு ராத்திரி நனைஞ்சது ரெண்டு ராத்திரியாச்சு. மிச்சத்துக்கு அலாரம், ஈரம் பட்டதும் டவுசர்ல இருக்கற சென்சார் கத்தும். மொத மூணு வாரம் தெருவே முழிச்சுது, இவன் மட்டும் முழிக்கல, நாந்தான் எழுப்பி நடக்க வெச்சு கூட்டிட்டுப் போவேன். தொடர்ந்து 14 ராத்திரி காஞ்சதுக்கு அப்பறம் கழட்டிட்டோம், மொத்தம் மூணு மாசம் ஆச்சு.

டெஸ்மோப்ரெசின்னு, ராத்திரி மூத்திரம் ஊறறத கொறைக்கற மாத்திரையும் இருக்கு, டூர் கேம்ப்புக்கு உதவும், ஆனா நிறுத்துனா பெரும்பாலும் திரும்ப வந்துரும், போட்டுட்டு நெறைய தண்ணி குடிச்சா ஆபத்து, நீங்களா கடைல வாங்கிராதீங்க. ஆறு மாசம் நல்லா இருந்துட்டு திடீர்னு ஆரம்பிச்சாலோ, ஒண்ணுக்கு போறப்ப எரிச்சல், அளவு மீறுன தாகம், உடம்பு எளைக்கறதுன்னு ஏதாவது இருந்தாலோ இதெல்லாம் பாத்துட்டு உக்காந்திருக்காம உடனே யூரினும் சுகரும் டெஸ்ட் பண்ணிருங்க.