எந்த இரவுகளில், அம்மா?

கேள்வி: சிகாகோ பக்கம் நேபர்வில்லில் இருக்கிறோம். மகனுக்குப் பதினைந்தரை வயது. பள்ளியிலேயே டிரைவிங் வகுப்பு நடக்கிறது. போன வாரம் லெஃப்ட் டர்ன் எடுக்கும்போது எதிரே வந்த காரை அவன் கவனிக்கவில்லையாம். டீச்சர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தியிருக்கிறார். பின் சீட்டில் இருந்த இரண்டு பிள்ளைகள் எதிரிலேயே, "வீட்டில் யாராவது உன்னோடு உட்கார்ந்து ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டார். இரண்டு நாளாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. கணவருக்கு எட்டரைக்கு இந்தியா கால் ஆரம்பித்தால் முடியப் பதினொன்று ஆகும். எனக்கோ இருட்டில் ஓட்டவே பயம். 50 மணி நேர லாக் ஷீட்டை மட்டும் எல்லோரையும் போல நானே நிரப்பிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன், அதில் பிரச்சினை இல்லை. பிரின்சிபாலுக்கு ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? இல்லை, வெளியே ஓர் இந்திய இன்ஸ்ட்ரக்டரிடம் சேர்த்துவிடலாமா?

பதில்: "அதில் பிரச்சினை இல்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டவே இல்லை.

அந்தத் தாள் என்ன கேட்கிறது? பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையை 50 மணி நேரம் ஓட்டவைக்க வேண்டும், அதில் 10 மணி நேரம் இரவில். எந்த இரவுகளில், அம்மா? உங்கள் கணவர் லேப்டாப் முன்னால். நீங்கள் இருட்டினால் ஸ்டியரிங்கைத் தொடமாட்டீர்கள். அப்படியானால் அந்த 10 மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார், பேயா?

நீங்கள் எழுதும்போது மகனும் பக்கத்தில் இருந்திருப்பான். "இந்த ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு மணி நேரம் போடும்மா" என்று தேதி எடுத்துக் கொடுத்திருப்பான். இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் அப்படித்தான் நடந்தது. ஒரே பேனா, ஒரே மூச்சு, 50 மணி நேரம்.

உங்கள் இல்லினாய் மாநிலத்தில் பள்ளி டீச்சரோடு வண்டியில் அவனுக்குக் கிடைப்பது மொத்தம் 6 மணி நேரம். மீதியைப் பெற்றவர்கள் தலையில்தான் போட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் ஓட்டப் பழகுவதற்கான பர்மிட் எடுத்து மூன்று மாதத்தில் அங்கே லைசென்ஸ் வாங்கிவிடலாம். 2008 ஜனவரியிலிருந்து அதை ஒன்பது மாதமாக்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் அடுத்தடுத்துச் சாலையில் செத்ததைப் பார்த்துவிட்டு இறுக்கிய சட்டம் அது. இந்த ஒன்பது மாதமும் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் உட்காரத்தான். அந்த டீச்சர் உங்கள் லாக் ஷீட்டைப் பார்க்கவே இல்லை, ஒரே ஒரு லெஃப்ட் டர்னில் அதைப் படித்துவிட்டார். அவர் கால் பிரேக்கில் இல்லாமல் போயிருந்தால் நீங்கள் இன்று எனக்கு வேறு கடிதம் எழுதியிருப்பீர்கள்.

மற்ற பிள்ளைகள் எதிரில் கேட்டிருக்க வேண்டாம்தான். அதை அவரிடமே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பிள்ளை சாப்பிடாததற்கு அவமானம்தான் காரணம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டீச்சர் கேட்டதற்கு இல்லை என்று உண்மையைச் சொன்னால் அம்மா போட்ட கையெழுத்து பொய்யாகிவிடும். ஆமாம் என்றால் அவன் பொய்யனாகிவிடுவான். பதினைந்து வயதுப் பிள்ளையை இந்த முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தியது டீச்சரா, நீங்களா? சோறு எப்படி இறங்கும் அவனுக்கு?

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள் தாயே. கூமோன் கணக்கு டியூஷனுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் கூட்டிக்கொண்டு அலைய நேரம் கிடைத்த வீடுதானே அது! அரோரா பாலாஜி கோவிலுக்குப் போகும்போது பிள்ளை பின் சீட்டில் ஃபோனோடு உட்கார்ந்திருப்பான், அப்பா ஓட்டுவார். சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் சாமி கோபித்துக்கொள்ளுமா? இரவுக் கணக்குக்கும் வழி இருக்கிறது. மகள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு குளிர்காலம் முழுக்க உங்கள் ஊரைப் பார்த்தவள் நான். டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. எட்டரை கால் வரைக்கும் நாலு மணி நேர இருட்டு கையில் இருக்கிறதே! மாதம் தவறாமல் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் தகப்பன் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆண்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். இந்த பதிலை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

இந்திய இன்ஸ்ட்ரக்டரும் நல்லவராக இருந்தால் இதே கேள்வியைக் கேட்பார். கேட்காதவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

மெயிலை அழித்துவிடுங்கள். நிரப்பி வைத்த தாளை மகன் பார்க்க நீங்களே கிழித்துப் போடுங்கள். புதுத் தாள் வேண்டும் என்று அவனே போய் டீச்சரிடம் கேட்கட்டும். ஏன் என்று அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லட்டும், உங்கள் மானம் ஒன்றும் போய்விடாது. இன்றைக்கே ஆறு மணிக்குத் தயிர் வாங்க அவன் ஓட்டிக்கொண்டு போகட்டும், அப்பா பக்கத்தில் உட்காரட்டும், உங்கள் பயத்தோடு நீங்கள் பின் சீட்டில் உட்காருங்கள். திரும்பி வந்ததும் முதல் வரியை அப்பா தன் கையால் எழுதட்டும்: கடைக்குப் போய் வந்தது, 25 நிமிடம், இரவு.