கம்பெனிப் பெயர் இல்லாத ஆம்புக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: தனியாக ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபையர் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் போட்டது) ஒன்று 8 வருடமாக என்னிடம் இருக்கிறது. ஸ்டீரியோ, புஷ்-புல் (சேனலுக்கு இரண்டு வால்வு ஜோடியாக வேலை செய்வது), ஈ.எல்.34 என்ற வகை வால்வுகள் நான்கு. நன்றாகவே பாடுகிறது. செய்து கொடுத்தவர் இப்போது தொழிலில் இல்லை. விற்கப் போனால், 'கம்பெனிப் பெயர் இல்லாத பொருளுக்கு மதிப்பே கிடையாது' என்று சொல்லி, நான் கொடுத்த பணத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கேட்கிறார் ஒரு வியாபாரி. உண்மையில் என்ன விலை சொல்லலாம்?

பதில்: அவர் கேட்கிற விலைக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் அன்று கொடுத்த தொகையையும் மறந்துவிடுங்கள். அதில் பெரும்பங்கு செய்தவரின் கூலி, உங்கள் விருப்பத்துக்குச் செய்த மரவேலை, பெயிண்ட். அதற்கெல்லாம் இரண்டாவது ஆள் காசு தரமாட்டார். அவர் பணம் கொடுப்பது இரண்டே விஷயங்களுக்கு: உள்ளே இருக்கும் பாகங்கள், நாளை பழுதானால் வேறொரு மெக்கானிக் சரிசெய்துவிடுவார் என்ற நம்பிக்கை.

முதலில் அடிவிலையைக் கண்டுபிடியுங்கள். இதே பாகங்களை இன்று புதிதாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று பட்டியல் போடுங்கள். அந்த மொத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், இரண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் (வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருப்பது), ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மர், சோக் (மின் இரைச்சலை அடக்கும் சுருள்) ஆகியவையே ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும். லுண்டால், ஹாமண்ட், சோவ்டர் போன்ற டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியின் பெயர் அதன் மேல் இருந்தால் பழசுக்கும் பாதி விலை தேறும், அது 25. வால்வுகளை டெஸ்டரில் போட்டு அளந்திருந்தால் அவற்றுக்கும் பாதி, ஒரு 7 என்று வையுங்கள். அளக்காத வால்வுக்கு ஒன்றும் போடாதீர்கள். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் 8 வருடம் வால்வுச் சூட்டில் கிடந்தவை, அவற்றுக்கும் பூஜ்யம். பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேசிஸுக்கும் அப்படியே. வால்யூம் கண்ட்ரோல், சாக்கெட் வகையறாவுக்கு 3. ஆக மொத்தம் 35. இது பிரித்து விற்றால் கைக்கு வருவது. ஓடுகிற நிலையில், உரிய தாள்களோடு (என்னென்ன என்று கீழே சொல்கிறேன்) விற்றால் 50 முதல் 60 வரை தாராளமாகக் கேட்கலாம். இது கைக்கணக்குதான், ஆனால் பேரத்தில் நிற்கும்.

மதிப்பே இல்லை என்று சொல்பவர் எதற்காக வாங்க வருகிறார்? டிரான்ஸ்ஃபார்மருக்கும் வால்வுக்கும்தான். உங்கள் ஆம்பை அடிமாட்டு விலைக்குப் பிடித்துப் பிரித்து விற்றாலே அவருக்குப் பல மடங்கு லாபம். 'கடையில் வைத்துவிட்டுப் போங்கள், விற்றதும் கமிஷன் போகத் தருகிறேன்' என்பவர்களிடம் இன்னும் ஜாக்கிரதை தேவை. பொருள் அங்கே இருக்கும்போதே வால்வு மாறிவிடும். முல்லார்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய வால்வைக் கொடுத்தால் புது வால்வு திரும்பி வரும், ஆம்ப் பாடிக்கொண்டுதான் இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. மேலே அச்சடித்த பெயரைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்; இன்று ரஷ்யாவில் தயாராகும் புது வால்வுகளும் அதே பெயரில் வருகின்றன. பழைய முல்லார்ட் ஈ.எல்.34-இல் கண்ணாடியின் அடிப்பக்கம் 'எக்ஸ்.எஃப்.2' போன்ற ஒரு சிறு குறியீடும், அதன் கீழே இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையைக் குறிக்கும் 'பி' என்ற எழுத்தில் தொடங்கும் இன்னொரு வரியும் இருக்கும். யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும், ஒவ்வொரு வால்விலும் அந்த இடத்தைத் தெளிவாகப் படம் எடுத்து, ரசீதில் குறியீட்டை எழுதி, கையெழுத்து வாங்காமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். விற்பதற்கு முன் கண்டென்சர்களை விலையுயர்ந்த ரகத்துக்கு மாற்றினால் விலை ஏறும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தச் செலவு திரும்பி வராது.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்களுக்கே பொருந்தக்கூடும். செய்தவருக்குப் பெயர் இல்லாவிட்டாலும் சர்க்யூட்டுக்குப் பெயர் இருக்கலாம். சேனலுக்கு இரண்டு ஈ.எல்.34, அவற்றுக்கு முன்னால் ஒரு ஈ.எஃப்.86, ஒரு ஈ.சி.சி.83 என்று வால்வுகள் வரிசையாக இருந்தால், அது முல்லார்ட் கம்பெனி வெளியிட்ட 5-20 சர்க்யூட்டைப் பின்பற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்கு ஈ.எல்.34, 7199 என்ற எண்ணுள்ள வால்வு இரண்டு, ஒரு ஜி.இசட்.34 ரெக்டிஃபையர் (ஏ.சி.யை டி.சி. ஆக்கும் வால்வு) என்றால் 1959-இல் வந்த டைனகோ கம்பெனியின் எஸ்.டி-70 ஆம்ப் வழிவந்தது. இப்படிப் பெயர் சொல்லக்கூடியது என்றால் நிலைமையே வேறு. அந்தப் பெயரைப் போட்டுத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்யூட் வரைபடம் எங்கும் கிடைக்கும், வால்வு தெரிந்த எந்த மெக்கானிக்கும் தொடத் தயங்கமாட்டார். 60-ஐத் தாண்டி 75 வரைகூடக் கேட்கலாம். ஆனால் வால்வுகளை எண்ணிப் பார்த்து மட்டும் பெயர் சூட்டிவிடாதீர்கள். மெக்கானிக் வயரிங்கை வரைபடத்தோடு ஒப்பிட்டு, டிரான்ஸ்ஃபார்மரும் அந்த சர்க்யூட் கேட்கிற மதிப்பில்தான் இருக்கிறது என்று சொன்ன பிறகே விளம்பரத்தில் எழுதுங்கள். இல்லையென்றால், வாங்கியவர் மூடியைத் திறந்த அன்றே ஆம்ப் திரும்பி வரும்.

நான் சொன்ன தாள் என்பது ஒரு பக்கம்தான். ஒவ்வொரு வால்வின் டெஸ்டர் அளவு, இரண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்களின் பிரைமரி ரெசிஸ்டன்ஸ் (வால்வுப் பக்கச் சுருளின் மின்தடை; இரண்டும் ஒத்துப்போக வேண்டும்), சேசிஸிலிருந்து எர்த் பின் வரை தொடர்பு சரியாக இருக்கிறதா, 8 ஓம் டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) ஒலி சிதையாமல் எத்தனை வாட் வருகிறது. இவற்றோடு சர்க்யூட் வரைபடமும் உட்புறப் படங்களும். மூடியை நீங்களே திறக்க வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடும், ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். படங்களையும் மெக்கானிக்கிடமே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

விளம்பரத் தளங்களில் போட்டிருக்கும் விலைகளைப் பார்த்து உங்கள் விலையை முடிவு செய்யாதீர்கள். அது கேட்ட விலை, விற்ற விலை அல்ல. விற்று முடிந்ததை மட்டும் காட்டும் வசதி ஈபேயில் உண்டு, அதில் பாருங்கள். பல தளங்களில் பிராண்டைத் தேர்ந்தெடுக்காமல் விளம்பரமே போட முடியாது.  'மற்றவை' என்பதில் போட்டு, தலைப்பிலேயே டிரான்ஸ்ஃபார்மரின் பெயரையும் வால்வு எண்ணையும் எழுதுங்கள். தேடுகிறவர் அவற்றைத்தான் தட்டுவார். கூரியர் இன்ஷூரன்ஸுக்குப் பில் கேட்பார்கள், செய்தவர் கொடுத்த துண்டுச் சீட்டு இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

வருபவருக்குப் போட்டுக் காட்டும்போது, ஸ்பீக்கர் வயரை மாற்ற அவசரப்படவிடாதீர்கள். லோடு, அதாவது ஸ்பீக்கர், இல்லாமல் பாட்டை ஏற்றினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளுக்குள் தீப்பொறி தட்டிப் போய்விடும், உங்கள் 25-இல் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

60-இல் தொடங்குங்கள். ஒரு மாதத்தில் உருப்படியாக யாரும் வரவில்லையென்றால் 50. அங்கிருந்து மெல்ல இறங்கலாம், 35-க்குக் கீழே மட்டும் வேண்டாம். அந்த நிலை வந்தால் பிரித்து நீங்களே விற்றுவிடுங்கள்: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்களை ஜோடியாக, வயர்களை வெட்டாமல் சால்டரை உருக்கி எடுக்கச் சொல்லி, எந்த நிற வயர் எங்கே இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே கட்டி.