அரிசி நிரப்பிய மைலோ டின்னும் பழைய கைப்பேசியும்: டைம்லேப்ஸ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டைம்லேப்ஸ் பற்றித்தான். அதாவது, இடைவெளி விட்டு எடுத்த படங்களைச் சேர்த்து, மெல்ல நடப்பதை வேகமாக ஓட்டிக் காட்டும் காணொளி. எல்லாருமே பினாங்குக்காரர்கள் என்பதில் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

எங்கள் வீட்டு நிஷாகந்தி மொட்டு விட்டிருக்கிறது. போன தடவை தூங்கிப்போய், காலையில் வாடிய பூவைத்தான் பார்த்தேன். மகனின் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி சும்மா கிடக்கிறது. அதை வைத்து எடுக்க முடியுமா? எத்தனை நொடிக்கு ஒரு படம்?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

தாராளமாக முடியும், அக்கா. மலாய்க்காரர்கள் பக்காவாலி என்றும், சீனர்கள் கெங் ஹுவா என்றும் சொல்லும் இந்தப் பூவைவிட நல்ல தொடக்கம் கிடையாது. இருட்டியதும் விரியத் தொடங்கி, நள்ளிரவு வாக்கில் முழுதாக மலர்ந்து, விடியும்போது தொங்கிவிடும். ஒரே இரவில் வேலை முடிந்துவிடும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கடைசியில் 20 நொடி ஓடும் காணொளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 24 படம் என்றால் மொத்தம் 480 படங்கள் தேவை. பூ விரிய ஏறக்குறைய 4 மணி நேரம், அதாவது 14,400 நொடி. அதை 480-ஆல் வகுத்தால் 30. ஆகவே 30 நொடிக்கு ஒரு படம். நானாக இருந்தால் 15 நொடிக்கு ஒன்று எடுப்பேன். கூடுதலாக எடுத்ததைப் பிறகு வேகமாக ஓட்டிக்கொள்ளலாம். எடுக்காமல் விட்ட படத்தை எங்கே போய்த் தேடுவது?

எந்த இரவு என்பதை மொட்டே சொல்லிவிடும். தொங்கிக்கொண்டிருந்த காம்பு கொக்கி மாதிரி மேல்நோக்கி வளையும், மொட்டு பருக்கும். மாலையில் அதன் நுனி லேசாகப் பிரிந்திருந்தால் அன்றைக்குத்தான். ஏழு மணிக்கெல்லாம் எல்லாவற்றையும் தயாராக வைத்துவிடுங்கள்.

அடுத்தது, பெரும்பாலோர் தவறும் இடம். மொட்டு படச் சட்டத்தை நிறைக்கும்படி நெருக்கி வைத்தால், விரிந்த பூ வெளியே போய்விடும். மொட்டைச் சுற்றி நாலா பக்கமும் நிறைய இடம் விடுங்கள். நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால் இதழ்கள் கேமராவை நோக்கி வராது, ஃபோகஸும் தப்பாது. விளக்கைப் பூவின் மேல் நேராக அடிக்காமல் பக்கத்துச் சுவரில் அடியுங்கள். அதிலிருந்து வரும் வெளிச்சமே போதும். விடியும்வரை அந்த விளக்கை யாரும் தொடக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். செடி ஆடினால் காணொளியில் பூ நடுங்குவது போல் இருக்கும்.

கேமரா அளவுகளை நாமே வைக்கும் ப்ரோ மோட் இருந்தால் ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை, 1/50 அல்லது 1/25 நொடி என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். இந்த இரண்டு அளவிலும் ஒவ்வொரு படத்திலும் அதே எண்ணிக்கை மினுங்கல்கள் முழுதாக அடங்கிவிடும், வெளிச்சம் ஏறி இறங்காது. அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: பழைய கைப்பேசியின் முதுகு உப்பியிருந்தால் பேட்டரி கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதைச் சார்ஜில் போட்டு இரவெல்லாம் விடவே விடாதீர்கள்.

டிரைபோட் வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– பட்டர்வொர்த்

வேண்டாம். காலி மைலோ டின்னில் அரிசியோ மணலோ நிரப்பி மூடுங்கள். கைப்பேசியை அதில் சாய்த்து இரண்டு ரப்பர் வளையம் போட்டால் அசையாது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மெல்லிய கால் டிரைபோட்டைவிட இது உறுதி. ஆள் நடமாடினால் அதிரும் மேசையை மட்டும் தவிருங்கள்.

ஜெலுத்தோங்கில் பதினைந்தாவது மாடி. ஜன்னலிலிருந்து பினாங்குப் பாலமும் மேகங்களும் அழகாகத் தெரியும். எடுத்துப் பார்த்தால் காணொளி வெளிச்சமாகவும் இருட்டாகவும் மாறி மாறித் துடிக்கிறது. ஏன்?
– கல்லூரி மாணவர்

தம்பி, உங்கள் கைப்பேசி ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக வெளிச்சத்தை அளக்கிறது. ஒரு மேகம் சூரியனை மறைத்தால் உடனே தன்னைத் திருத்திக்கொள்கிறது. அதுதான் துடிப்பு. ஐபோனில் திரையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் ப்ரோ மோட் இருந்தால் அதில் செய்யலாம். படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கு வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேகம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் தாவும்.

ஆனால் உங்கள் ஜன்னல் கிழக்கே பார்க்கிறது என்றால் சூரியோதயத்தைத்தான் எடுக்க ஆசைப்படுவீர்கள். அங்கே இந்த விதி செல்லாது. இருட்டில் பூட்டிய அளவு, சூரியன் எழுந்ததும் படத்தை வெள்ளையாக்கிவிடும். அன்றைக்கு ஒயிட் பேலன்ஸையும் ஃபோகஸையும் மட்டும் பூட்டி, வெளிச்சத்தைத் தானியங்கியாக விடுங்கள். கொஞ்சம் துடிப்பு வரும், பொறுத்துக்கொள்ளலாம். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக எழுவதால் விடியல் சீக்கிரம் முடிந்துவிடும். ஆறரை மணிக்கே தொடங்கி, 5 நொடிக்கு ஒரு படம் எடுங்கள். மேகத்துக்கும் 3 முதல் 5 நொடி சரி. பாலத்தில் ஓடும் வண்டிகளுக்கு 1 நொடி.

கண்ணாடியில் உங்கள் வீட்டு விளக்கு பிரதிபலிக்காமல் இருக்க, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துச் சுற்றிலும் கறுப்புத் துணியைச் செருகுங்கள்.

எந்தச் செயலி நல்லது?
– புக்கிட் மெர்தாஜாம்

ஆண்ட்ராய்டு என்றால் ஓபன் கேமரா. இலவசம், விளம்பரம் இல்லை, எத்தனை நொடிக்கு ஒரு படம் என்று நீங்களே வைக்கலாம். ஐபோனோடு வரும் டைம்லேப்ஸ் வசதி சுலபம்தான், ஆனால் இடைவெளியை அதுவே முடிவுசெய்யும். பூவுக்கு அது எனக்குப் பிடிக்காது.

பச்சைப் பயறு முளைப்பதை எடுத்தேன். நடுராத்திரியில் நின்றுவிட்டது.
– நிபோங் திபால் ஆசிரியை

டீச்சர், எனக்கும் இதேதான் நடந்தது. ஈரப் பஞ்சில் பயற்றை வைத்து, காலையில் வேர் பார்க்கலாம் என்று ஆசையாக எழுந்தால், விடிகாலை இரண்டு மணியோடு படங்கள் நின்றிருந்தன. பேட்டரி சேமிப்பு வசதி செயலியை மூடியிருந்தது. அன்று உண்மையாகவே மனம் உடைந்துவிட்டது. இப்போது தொடங்குமுன் பேட்டரி சேமிப்பை அணைப்பேன், ஏரோப்ளேன் மோட் போடுவேன், சார்ஜரைச் செருகுவேன், கைப்பேசியில் சேமிக்க இடம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். முழு அளவுப் படம் ஒன்று 4 எம்பி என்றால் ஆயிரம் படம் 4 ஜிபி. படத்தின் அளவைக் குறைத்துவிடுங்கள். 1920 × 1080 காணொளிக்கு ஒவ்வொரு படத்திலும் 20 லட்சம் புள்ளிகள் போதும்.

பயற்றுக்கு 5 நிமிடத்துக்கு ஒரு படம். 48 மணி நேரத்தில் 576 படம், 24 நொடிக் காணொளி. திரைச்சீலையை மூடி ஒரே விளக்கில் எடுங்கள், இல்லையென்றால் பகலும் இரவும் மாறி மாறி அடிக்கும். பஞ்சில் தண்ணீர் ஊற்றும்போது தட்டு ஒரு நூல்கூட நகரக் கூடாது. தட்டைச் சுற்றி மேசையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். வகுப்புப் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டும்போது வேர் கீழே திரும்பும் இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை ஓட்டுங்கள்.

தீபாவளிக்கு வரவேற்பறையில் அரிசிக் கோலம் போடுவோம். மேலிருந்து எடுக்க வழி?
– சுங்கை டுவா

மாடிவீடு என்றால் படிக்கட்டுக் கைப்பிடியில் கைப்பேசியைக் கட்டுங்கள். விழுந்துவிடாமல் இருக்க ஒரு கயிறும் சேர்த்து. மூன்று மணி நேரக் கோலத்துக்கு 5 நொடிக்கு ஒரு படம் எடுத்தால் 2,160 படம், ஒன்றரை நிமிடக் காணொளி. இதற்கு மட்டும் நீளம் இருக்கட்டும். வண்ண அரிசி கையிலிருந்து விழுவது தெரிய வேண்டும். கோலம் போடுகிறவர் படிக்கட்டுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் தலை மறைக்காது.

எடுத்த படங்களைச் சேர்ப்பது எப்படி?
– பாலிக் புலாவ்

கணினியில் டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பு. படங்கள் வரிசை எண்ணோடு ஒரே கோப்புறையில் இருந்தால் அது தானாகவே ஒரே காணொளித் துண்டாக எடுத்துக்கொள்ளும். கணினி இல்லையா? கைப்பேசியில் கேப்கட் செயலியில் எல்லாப் படங்களையும் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் 0.1 நொடி என்று வைத்துச் சேமியுங்கள். அதைத் திரும்ப ஏற்றி வேகத்தை இரண்டரை மடங்காக்குங்கள்.