கையெழுத்து வைத்துவிட்டேன், இனி ஒன்றும் செய்ய ஏலாதா?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தம்பியின் கலியாணத்துக்கு முன்னம் நெற்றிச் சுருக்கம் போகட்டும் என்று ஒரு அழகு நிலையத்தில் 45,000 ரூபா கொடுத்து போடொக்ஸ் என்ற, தசையைத் தளர்த்தும் ஊசி போட்டாராம். ஐந்தாம் நாள் இடது கண்மடல் தொங்கிவிட்டது, கலியாணப் படம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. போய்க் கேட்டால், "சம்மதம் என்று கையெழுத்து வைச்சனீங்கள்தானே" என்கிறார்களாம்.

அந்தத் தாளுக்குப் பயப்படாதீர்கள். ஒழுங்காகச் செய்தும் வரக்கூடிய பக்கவிளைவுக்குத்தான் நீங்கள் சம்மதித்தீர்கள், கவனயீனத்துக்கு அல்ல. ஆனால் கண்மடல் தொங்கியதை மட்டும் வைத்து வழக்கை வெல்லவும் முடியாது, ஏனென்றால் கைதேர்ந்த வைத்தியர் போட்டாலும் மருந்து மடலைத் தூக்கும் தசைக்குப் பரவினால் இது வரும். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு இரண்டு வரி: ஊசி போட்டவர் "கோர்ஸ் படித்த பிள்ளை", மருந்துக் குப்பி வெளியே மேசையில் கிடந்தது. 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவேண்டிய மருந்து அது! பதிவு இல்லாதவர் காசுக்கு வைத்தியம் பார்ப்பது மருத்துவக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அவருடைய பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் பொலிசில் முறைப்பாடு கொடுங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது இதில்தான். மடல் சில கிழமைகளில் தானாக நிமிர்ந்துவிடும், அதோடு உங்கள் சாட்சியும் போய்விடும். அதனால் நாளைக்கே யாழ் போதனா வைத்தியசாலையில் காட்டி, திகதியோடு எழுத்தில் வாங்குங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம் என்றால் நாளை வரை பார்க்க வேண்டாம், இப்பவே ஓடுங்கள். தினமும் ஒரு படம் எடுங்கள். பற்றுச்சீட்டு தரவில்லையா, சரி, விலை பேசிய வட்ஸ்அப் இருக்கிறதே, அதை அழிக்காதீர்கள். எந்த மருந்து, எத்தனை யூனிட், குப்பியில் இருந்த தொகுதி (batch) இலக்கம் என்ன என்று அதிலேயே கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டது பதிவாக இருக்கும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட 3 மாதம்தான் அவகாசம். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்க 2 வருடம் இருக்கிறது, ஆனால் அதற்கு அந்த ஊசியால்தான் இது வந்தது என்று வைத்தியர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். 2001இல் உயர் நீதிமன்றம் வரை போன குழந்தை மரண வழக்கொன்று தோற்றதே, வைத்தியரின் கவனயீனத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றுதான்.

பொலிஸ் போய் விசாரித்தால் அவர்கள் காசோடும் இன்னொரு தாளோடும் வீட்டுக்கு வருவார்கள். அந்தத் தாளை ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் பேனையைத் தொடாதீர்கள்.